சாயல்குடியின் 124 வருஷ மழை ஒரே வரியில் சேரும்... தெரியுமா?

1901-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி சாயல்குடிப் பக்கம் மழை பெய்ததா? ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது! ஆனால் அந்த நாளுக்கென்று ஓர் எண் இருக்கிறது. ஜனவரி 2-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று... இப்படியே 2024 டிசம்பர் 31 வரை, ஒரு நாள் விடாமல்! மொத்தம் எத்தனை நாள் தெரியுமா? 45,291!

இந்தக் கணக்கை வைத்திருப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அதன் புனே அலுவலக இணையதளத்துக்குப் போனால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். காசு? ஒரு பைசா கிடையாது!

ஆனால் ஒன்று. வருஷத்துக்கு ஒரு ஃபைல்! 124 வருஷம் என்றால் 124 ஃபைல்! பனையோலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டிருந்தால் அது பெட்டி ஆகுமா? முடைந்தால்தானே பெட்டி! சரி, 124 ஃபைலையும் ஒன்றாக முடைய எத்தனை நாள் ஆகும்? மவுஸைத் தொடவே வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை. என்டர். முடிந்தது!

அந்த ஃபைலுக்குள் என்னதான் இருக்கிறது? இந்தியா முழுவதன் மேலும் ஒரு வலையை விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே 6.5 பாகையில் தொடங்கி வடக்கே 38.5 வரை. மேற்கே 66.5 பாகையில் தொடங்கி கிழக்கே 100 வரை. கால் பாகைக்கு ஒரு முடிச்சு! கிழக்கு மேற்காக 135 முடிச்சு, தெற்கு வடக்காக 129 முடிச்சு. பெருக்கிப் பாருங்கள், 17,415! ஒவ்வொரு முடிச்சிலும் அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது!

அதில் நம் ஊர் எங்கே? சாயல்குடி இருப்பது வடக்கே 9.17 பாகை, கிழக்கே 78.45 பாகை. அதற்கு மிக அருகில் இருக்கும் முடிச்சு 9.25, 78.5. தென்மேற்கு மூலையில் முதல் எண்ணிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வாருங்கள். 1,534-ஆவது எண்தான் சாயல்குடி! 1901-இல் முதல் நாளிலும் 1,534. 1947 ஆகஸ்ட் 15 அன்றும் 1,534. ஊர்ப் பெயர் ஓரிடத்திலும் எழுதாத ஃபைலில், நமக்கென்று மாறாத ஒரு கதவு எண்! கடலாடியும் முதுகுளத்தூரும் இதே கதவு எண்ணில்தான் குடியிருக்கின்றன!

ஊருக்கு ஊர் மழைமானி வைத்து அளந்தார்களா? இல்லை! நாடு முழுவதும் 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அக்கம்பக்கத்து மானிகள் சொல்வதைத் தூரத்துக்குத் தக்கபடி எடைபோட்டுக் கணக்கிட்டார்கள். கிட்டே இருக்கும் மானியின் பேச்சுக்கு மதிப்பு அதிகம், எட்டி இருப்பதற்குக் குறைவு. ஆக, 1,534-ஆவது எண் என்பது ஒரு மானியின் குரல் அன்று, ஒரு வட்டாரமே சேர்ந்து சொல்லும் சொல்!

வெறும் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் உங்களுக்குத் தூறலாகத் தெரியும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்தானே! ஆனால் இந்த ஒரு கட்டத்தின் பரப்பு சுமார் 760 சதுர கிலோமீட்டர். கட்டம் முழுவதும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 76 கோடி லிட்டர் தண்ணீர்! 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 63,000 லாரிக்கு மேல் வேண்டும்! கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

"நேற்றைய மழை" என்று ஆய்வுத் துறை சொல்வது எந்த நேற்று தெரியுமா? நள்ளிரவு 12 மணிக்கு அவர்களுக்கு நாள் மாறாது! காலை 8.30 மணிக்குத்தான் மாறும்! முந்தைய நாள் காலை 8.30-லிருந்து இன்று காலை 8.30 வரை பெய்த மழை, இன்றைய தேதியில் ஏறும். 17-ஆம் தேதி சாயங்காலம் நீங்கள் நனைந்த மழை, ஃபைலில் 18-ஆம் தேதியில் இருக்கும்! நம் காலை 8.30 உலக நேரப்படி அதிகாலை 3 மணி. செயற்கைக்கோள் கணக்கோ உலக நேர நள்ளிரவில் நாளை மாற்றும். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால், ஒரே மழை இரண்டு தேதியில் பெய்ததாகக் காட்டும்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஃபைலை எதற்கு இணைக்க வேண்டும்? வருஷம் வருஷமாகவே பார்த்தால் ஆகாதா? தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கும் ஊர்களுக்கு ஆகும். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும், வருஷத்தின் நடுவில் பத்திரமாக இருக்கும். நமக்கு? ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை! ஐப்பசி, கார்த்திகை, மார்கழி! ஃபைல் எங்கே முடிகிறது? டிசம்பர் 31-இல்! அதாவது மார்கழி நடுவில்! கண்மாய் பெருகி நிற்கும் நேரத்தில் கணக்கைப் பாதியில் வெட்டிவிட்டு, மறுபாதியை அடுத்த ஃபைலின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள்! 2021 ஜனவரியில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? பொங்கல் நேரத்தில் விடாத மழை! அறுக்க நின்ற நெல்லும் பழுக்க இருந்த மிளகாயும் வயலிலேயே பாழாயின. 2020 ஃபைலை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த மழை தெரியவே தெரியாது! 2021 ஃபைலை மட்டும் பார்க்கிறவருக்கு அதற்கு முந்தைய ஈரம் தெரியாது! இரண்டையும் இணைத்தால்தான் ஒரு பருவம் முழுசாகக் கண்ணில் படும். நம் கரையில் ஃபைலை ஒட்டாமல் பருவத்தையே பார்க்க முடியாது என்பதுதான் என்னை முதலில் வியக்க வைத்த சேதி!

இணைக்கும் கட்டளைகளில் பழையது ஒன்றைச் சொல்லட்டுமா? பெயர் "கேட்"! பூனை இல்லை! சங்கிலியாகக் கோத்தல் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லின் துண்டு அது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது! அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய மூன்றெழுத்து, இன்றைக்கும் அதே மூன்றெழுத்து, அதே வேலை! ஒரு ஃபைலின் வாலில் அடுத்த ஃபைலின் தலையை ஒட்டும். அவ்வளவுதான்! ஒட்டி முடித்ததும் "முடித்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுமா? சொல்லாது! எதுவும் பேசாமல் அடுத்த வரியில் கர்சர் வந்து சிமிட்டும். பேசினால்தான் பயப்பட வேண்டும்! ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்!

வானிலை ஆய்வுத் துறை மழைத் தரவை இரண்டு விதமாகத் தருகிறது. ஒன்று வெறும் எண் மட்டும் அடுக்கிய ஃபைல். தலைப்பு இல்லை, பெயர் இல்லை, அலகு இல்லை. முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை மழைதான்! இதை "கேட்" கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடும். ஒட்டியது சரியா என்று பார்க்க ஃபைலைத் திறக்கவே வேண்டாம், எடை போட்டாலே போதும்! எப்படி? ஓர் எண்ணுக்கு 4 பைட். ஒரு நாளுக்கு 17,415 எண். ஆக, ஒரு நாளின் எடை 69,660 பைட். சாதாரண வருஷம் 2,54,25,900 பைட். லீப் வருஷம் 2,54,95,560 பைட். 1904-ஆம் ஆண்டு ஃபைலில் பிப்ரவரி 29 விட்டுப்போயிருந்தால் 69,660 பைட் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும்! தராசில் கருப்பட்டி நிறுப்பதைப் போல ஒரு நாளின் மழையை நிறுத்துப் பிடிக்கலாம்!

124 வருஷத்தையும் சேர்த்து நிறுத்தால்? 3,15,49,71,060 பைட்! 315 கோடிக்கு மேல்! அதை 69,660-ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 45,291 வரும்!

விண்டோஸ் கணினியில் இதே வேலையைச் செய்ய "காப்பி" என்ற கட்டளை உண்டு. அதில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது, தெரியுமா? ஃபைல்களை ஒட்டச் சொன்னால் எல்லாமே எழுத்து ஃபைல் என்று அது எடுத்துக்கொள்ளும். 26 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டைக் கண்டதும் "கதை முடிந்தது" என்று அந்த ஃபைலைப் படிப்பதை நிறுத்திவிடும்! அந்தக் காலத்து இயங்குதளங்களில் எழுத்து ஃபைலின் முடிவைக் குறிக்க வைத்த அடையாளம் அது. மழை எண்களுக்கு நடுவில் தற்செயலாக ஒரு 26 வந்தால்? அந்த வருஷத்தின் மிச்ச மழை அத்தனையும் காணாமல் போகும்! தடுக்க என்ன வழி? சாய்கோடு ஒன்று, "பி" ஒன்று. இரண்டே எழுத்து! அவற்றைச் சேர்த்துவிட்டால் கடைசிப் பைட் வரை வந்து சேரும்.

இரண்டாவது விதம்தான் விஞ்ஞானிகளின் செல்லப்பிள்ளை. பெயர் நெட்சிடிஎஃப். அமெரிக்காவின் கொலராடோவில் போல்டர் நகரில் இருக்கும் யூனிடேட்டா என்ற அமைப்பு வளர்த்தெடுத்தது. இதன் சிறப்பு என்ன? ஃபைலே தன்னைப் பற்றிப் பேசும்! அதன் மூல வடிவத்தில், நெற்றியில் சி, டி, எஃப் என்று மூன்றெழுத்து முத்திரை. அதற்குப் பின்னால் "என்னிடம் இருப்பது மழை, அலகு மில்லிமீட்டர், இத்தனை நாள், இத்தனை முடிச்சு, பதிவு இல்லாத இடத்துக்கு இந்த எண்" என்று ஒரு முழு ஜாதகம்!

அப்படியானால் இதையும் "கேட்" வைத்து ஒட்டலாமா? ஒட்டும்! ஆனால் நடப்பதைப் பாருங்கள்! ஃபைலின் எடை 124 வருஷ எடை. திறந்தால் உள்ளே 1901 மட்டும்தான் தெரியும்! மீதி 123 வருஷம்? உள்ளேதான் கிடக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது! ஏன்? படிக்கும் நிரல் முதல் ஜாதகத்தை மட்டும் பார்க்கிறது. அதில் 365 நாள் என்று எழுதியிருக்கிறது. 365-ஐப் படித்ததும் எழுந்து போய்விடுகிறது! அடுத்தடுத்த 123 ஜாதகங்களும் எண்களுக்கு நடுவில் யாரும் படிக்காத ஓலையாகக் கிடக்கும்.

இங்கேதான் வருகிறார் சார்லி ஜெண்டர்! அமெரிக்காவில் மாணவராக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 1990-களில், தன் வேலைக்காக எழுதத் தொடங்கிய சின்னச் சின்னக் கட்டளைகள் இன்று "என்சிஓ" என்ற பெயரில் உலகம் முழுவதும் ஓடுகின்றன. பின்னாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் பேராசிரியரானார். கட்டளைத் தொகுப்போ இன்றும் இலவசம், மூல நிரலும் திறந்த வீடு! இதில் ஒரு கட்டளைக்கு "என்சிஆர்கேட்" என்று பெயர். அதே பழைய "கேட்", முன்னால் மூன்றெழுத்து கூடியிருக்கிறது! இது ஜாதகங்களைப் படித்து, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, நாட்களை மட்டும் கோத்துத் தரும்!

நெட்சிடிஎஃப் ஃபைலில் ஓர் அச்சுக்கு "எல்லையில்லை" என்று அடையாளம் போடலாம், தெரியுமா? பெரும்பாலும் அது நேரத்துக்குத்தான். நாரைச் சேர்த்துச் சேர்த்துக் கயிறு திரிக்கிறோமே, அந்த மாதிரி நாளைச் சேர்த்துச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகலாம். அடையாளம் போட மறந்திருந்தால்? "என்சிஆர்கேட்" இணைக்க மறுத்துவிடும்! அதையும் ஒரு வரியில் மாற்றிக்கொள்ளலாம்.

124 ஃபைல் பெயரையும் டைப் செய்ய வேண்டாமா? வேண்டாம்! ஃபைல்களின் பெயர் 1901, 1902, 1903 என்று வரிசையாக இருந்தால் முதல் பெயரை மட்டும் சொல்லி, கூடவே மூன்று எண் கொடுத்தால் போதும். 124, 4, 1! மொத்தம் 124 ஃபைல், பெயரில் 4 இலக்கம், ஒவ்வொன்றாகக் கூட்டு. மீதியை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்!

இன்னும் கேளுங்கள்! ஒட்டும்போதே "எனக்கு நாடு முழுக்க வேண்டாம், 9.17-உம் 78.45-உம் மட்டும் போதும்" என்று சொல்லலாம். அந்த இடத்தில் முடிச்சே இல்லையே, என்ன செய்யும்? மிக அருகில் இருக்கும் 9.25-ஐயும் 78.5-ஐயும் தானே பிடித்துக்கொள்ளும்! 315 கோடி பைட் உள்ளே போகிறது. வெளியே வருவது எவ்வளவு தெரியுமா? மழை எண்கள் மட்டும் 1,81,164 பைட்! போனில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது! ஒரு ஊரின் 124 வருஷ மழை, வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குள்!

ஜெர்மனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹாம்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வு நிறுவனத்தில் "சிடிஓ" என்று இன்னொரு கருவி. 600-க்கும் மேற்பட்ட செயல்கள் அதற்குள்! இணைக்கும் செயலுக்கு "மெர்ஜ்டைம்" என்று பெயர். இதன் சிறப்பு, ஃபைலை எந்த வரிசையில் கொடுத்தாலும் தேதி பார்த்து அடுக்கிவிடும்! "கேட்" போல இது ஊமையும் இல்லை. வேலை முடிந்ததும் ஒரே ஒரு வரி சொல்லும். கறுப்புத் திரையில் அந்த வரியைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: 124 மாறிகள், 45,291 நாட்கள், 78,87,42,765 மதிப்புகள் கையாளப்பட்டன! எழுபத்தெட்டுக் கோடியே எண்பத்தேழு லட்சம் எண்களைத் தொட்டு அடுக்கிவிட்டு, அதைச் சொல்ல ஒரே வரி! இதே எண்களை எக்செல்லில் ஒரே பத்தியாக ஒட்ட நினைத்தால்? ஒரு தாளில் 10,48,576 வரிதான் உண்டு. 753 தாள் வேண்டும்!

ஒரு பயங்கரமான உண்மைக் கதை சொல்லட்டுமா? 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் 15,841 கொரோனா நோயாளிகள் விட்டுப்போனார்கள்! எப்படி? ஆய்வகங்கள் அனுப்பிய ஃபைல்களை எக்செல்லின் பழைய வடிவத்தில் சேர்த்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடமே கிடையாது! மிச்ச வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போய் எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது! ஃபைல் இணைப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒரு ஃபைல் இருந்து, பெயர் 1, 2, 3... 12 என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? கணினி எழுத்து வரிசையில் அடுக்கும். 1-க்கு அடுத்து 2 வராது, 10 வரும்! ஜனவரிக்கு அடுத்து அக்டோபர்! தை பிறந்ததும் ஐப்பசி மழை கொட்டும்! தப்பிக்க ஒரு பூஜ்யம் போதும். 01, 02 என்று எழுதிவிட்டால் வருஷம் நேராகிவிடும்!

மைனஸ் மழை பெய்யுமா? ஃபைலில் பெய்யும்! கடல் மேலும் பதிவு இல்லாத இடத்திலும் மைனஸ் 999 என்று போட்டிருப்பார்கள். அதை மழை என்று நினைத்துக் கூட்டினால்? நம் மாவட்டத்தின் ஆண்டு மழை 827. ஒரே ஒரு மைனஸ் 999 வந்தால் வருஷத்து மழை அத்தனையையும் குடித்துவிட்டு, மேலும் 172 மில்லிமீட்டர் கடன் வைக்கும்!

பிப்ரவரி 30 என்று ஒரு தேதி உண்டா? உண்டு! சில பருவநிலை மாதிரிகளில் வருஷத்துக்கு 360 நாள்தான். எல்லா மாதமும் 30 நாள், பிப்ரவரி உட்பட! வேறு சில மாதிரிகளில் லீப் வருஷமே கிடையாது! லீப் வருஷம் இல்லாத மாதிரியை நம் மழை ஃபைலோடு இணைக்கிறவர் நாட்காட்டியைப் பார்க்காமல் விட்டால், 124 வருஷத்தில் 31 நாள் நழுவிப்போகும்!

முட்டையை எந்தப் பக்கம் உடைப்பீர்கள்? ஸ்விஃப்ட் எழுதிய கலிவர் கதையில் இதற்காக ஒரு போரே நடக்கும்! 1980 ஏப்ரல் 1 அன்று டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் அந்தப் போரின் இரு கட்சிகளின் பெயரை எடுத்துக் கணினிக்கு வைத்தார். ஓர் எண்ணின் 4 பைட்டையும் பெரிய பக்கமிருந்து எழுதுவதா, சின்னப் பக்கமிருந்து எழுதுவதா என்ற சண்டைக்கு! இன்டெல் கணினிகள் சின்னப் பக்கம். நெட்சிடிஎஃப்பின் மூல வடிவம் பெரிய பக்கம். திருப்பிப் படித்தால் மழை எண்கள் எல்லாம் உளறலாகிவிடும்! நல்லவேளையாக, நெட்சிடிஎஃப் கருவிகள் தாமே புரட்டிப் படித்துக்கொள்கின்றன.

வருஷத்துக்கு ஒரு ஃபைலுக்கே வாய் பிளந்தோமே! நாசாவும் ஜப்பானும் 2014-இல் ஏவிய மழைக்கோளை மையமாக வைத்துத் தயாராகும் தரவில் அரை மணிக்கு ஒரு ஃபைல்! நாளுக்கு 48! வருஷத்துக்கு 17,520! ஒவ்வொரு ஃபைலிலும் 64,80,000 கட்டம்! லினக்ஸ் கணினி ஒரு நிரலுக்கு ஒரே நேரத்தில் திறந்துவைக்க விடுவது பொதுவாக 1,024 ஃபைல். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கும் கருவியாக இருந்தால் 21 நாளிலேயே மூச்சு முட்டிவிடும்! "என்சிஆர்கேட்" என்ன செய்கிறது தெரியுமா? ஒன்றைத் திறந்து, படித்து, மூடி, அடுத்ததைத் திறக்கிறது. அதனால் ஆயிரக்கணக்கில் கொடுத்தாலும் அசராது!

கடலுக்கும் இதே கதைதான். உலகப் பெருங்கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. 10 நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை முங்கி, வெப்பமும் உப்பும் அளந்துகொண்டு மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும். ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு நெட்சிடிஎஃப் ஃபைல்! ஒரு மிதவையின் எல்லா முங்கல்களையும் கோத்து இன்னொரு ஃபைல்! இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கவனித்துக்கொள்கிறது. மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்காய்ஸ் பெயர் புதிதாக இருக்காது. மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்பு வருகிறதே, அங்கிருந்துதான்!

பல இடத்துத் தரவை ஓரிடத்தில் இணைக்க, இணைய வேகம் போதாமல் அதை விமானத்தில் ஏற்றியது தெரியுமா? 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வந்ததே, அதற்காக உலகெங்கும் இருந்த தொலைநோக்கிகள் 2017-இல் எடுத்த தரவு சுமார் 5 பெட்டாபைட்! அரை டன் ஹார்ட் டிஸ்க்! தென் துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடியும் வரை காத்திருந்து வந்து சேர்ந்தன!

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்க்கிறோமே, ஃபைலுக்கும் தாய்ப்பத்திரம் உண்டு! என்சிஓ, சிடிஓ இரண்டுமே ஒவ்வொரு முறை ஃபைலைத் தொடும்போதும் என்ன கட்டளை கொடுத்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஜாதகத்தின் "வரலாறு" பகுதியில் எழுதிவைக்கும்! பத்து வருஷம் கழித்து அந்த ஃபைல் வேறு ஒருவர் கைக்குப் போனாலும், யாரையும் கேட்காமல் வில்லங்கம் பார்த்துவிடலாம்! இவ்வளவு பெரிய உதவியை யாரும் கேட்காமலே செய்துவைத்த அந்த நிரலாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்!

சரி, இணைத்த ஃபைலைத் திறந்து சில நாட்களைத் தொட்டுப் பார்ப்போமா?

23,368-ஆவது நாள். 1964 டிசம்பர் 23! முந்தைய இரவில்தான் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணி ரயிலை அலை கொண்டுபோனது. பாம்பனில் ரயிலேறிய யாருக்கும் தெரியாத அந்த இரவின் மழை, ஃபைலில் ஒரு வரிசை எண்ணாக அமைதியாக இருக்கிறது.

44,912-ஆவது நாள். 2023 டிசம்பர் 18! அன்று காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை! நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பெய்வதே 82.7 சென்டிமீட்டர்! ஒரு வருஷ மழையை ஒரே நாளில் ஊற்றிவிட்டு, மேலே கொசுறும் கொடுத்தது! ஆனால் கவனியுங்கள், கட்டத்து எண்ணில் அந்த 95 அப்படியே இருக்காது. அக்கம்பக்கத்து மானிகளோடு கலந்து கரைந்திருக்கும். உச்சத்தைப் பார்க்க மழைமானிப் பதிவையும், பரப்பைப் பார்க்கக் கட்டத்தையும் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

45,251-ஆவது நாள். 2024 நவம்பர் 21! முந்தைய நாள் ராமேஸ்வரத்தில் கொட்டியதே, 40 சென்டிமீட்டருக்கும் மேல்! அதன் கணக்கு 8.30 விதிப்படி 21-ஆம் தேதியில்தான் ஏறியிருக்கும்!

இந்த எண்கள் யாருக்கு வேண்டும்? முண்டு மிளகாய் போடுகிறவருக்கு வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே! மாரியூர், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேண்டும். அங்கே ஒரு நல்ல மழை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும்! பனையேறுகிறவருக்கும் வேண்டும், கண்மாய் மராமத்துக்குத் திட்டம் போடுகிறவருக்கும் வேண்டும். கண்மாய்க் கரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று முடிவு எடுக்கும் முன், 124 வருஷத்தில் எத்தனை முறை அடைமழை வந்தது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாமே!

பள்ளிக்கூடத்தில் ஒரு கணினி இருந்தால் போதும். கருவி இலவசம், தரவு இலவசம். உங்கள் ஊரின் கதவு எண்ணைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் தெரிந்தால் போதும்! பக்கத்து முடிச்சின் அட்சரேகையில் 6.5-ஐக் கழித்து, 4-ஆல் பெருக்கி, 135-ஆல் பெருக்குங்கள். தீர்க்கரேகையில் 66.5-ஐக் கழித்து 4-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். கடைசியில் ஒன்றைக் கூட்டுங்கள். சாயல்குடிக்கு 1,534 வருகிறதா? நேர் வடக்கே ஒரு முடிச்சு ஏறினால் பரமக்குடி, 135 கூடி 1,669! உங்கள் ஊருக்கு எத்தனை? பிள்ளைகளிடம் கொடுத்து இன்றைக்கே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்!